நானும் மிஸ்ஸும் போட்ட கூட்டணி

போன செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயினில் நான் பூச்சாண்டி ஆனேன்.

விளையாட்டில்லை. கிண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் ஓர் இளம் தாய். மடியில் மூன்று வயசுப் பையன். ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். அவளும் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கிற வழியாக இல்லை. சட்டென்று என்னைக் கைகாட்டினாள். "அதோ பாரு, அந்த ஆன்ட்டி டீச்சர். பையிலேர்ந்து பெரிய குச்சி எடுக்கப்போறாங்க."

நான் டீச்சர் இல்லை. என் பையில் இருந்தது காலி டிபன் பாக்ஸும் ஒரு வாரப் பத்திரிகையும்தான். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேனே... அது போதும் போலிருக்கிறது! பையன் என்னைப் பார்த்தான். நாக்கு உள்ளே போய்விட்டது. பல்லாவரம் வரை ஆடவில்லை, அசையவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். எனக்குப் பதிலுக்குச் சிரிக்க வரவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே தொழிலில் நான் கொடிகட்டிப் பறந்தவள்.

உங்களில் பல பேருக்கு என் பெண் சுஜாவைத் தெரியும். இந்தப் பக்கத்தில் அவளைப் பற்றி எத்தனையோ புலம்பியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. எழுதட்டுமா என்று அவளையே கேட்டேன். தாராளமா எழுதும்மா என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு அவள் காலேஜ் முதல் வருஷம். அப்போது ஒன்றாம் வகுப்பு, பி செக்‌ஷன். ஆறு வயசு. குரோம்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. ஸ்கூல் பத்து நிமிஷ நடை.

சாதுப் பெண் என்று சொல்ல மாட்டேன். சுவரில் யானை வரைவாள். ஊற்றி வைத்த பாலைக் கவிழ்ப்பாள். சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நானோ காலையில் ட்ரெயினைப் பிடிக்க ஓடுகிறவள். பொறுமை என்கிற சமாசாரம் என் ஜாதகத்திலேயே கிடையாது.

ஒரு நாள் வாயில் தானாக வந்தது – "இரு, மிஸ்கிட்ட சொல்லிடறேன். இதோ வருவாங்க."

அடேயப்பா! கன்னத்தில் இருந்த சோறு கடகடவென்று உள்ளே இறங்கியது. அடுத்த வாய்க்கு அவளே வாயைத் திறந்தாள்.

அப்புறம் விடுவேனா? சோற்றுக்கு மிஸ். எண்ணெய்க் குளியலுக்கு மிஸ். விளக்கெண்ணெய்க்கு மிஸ். தலை பின்ன உட்காருவதற்கு மிஸ். ரோசலின் மிஸ் பாவம், தாம்பரம் சானடோரியம் ஏரியாவில் தன் வீட்டில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார். அவருக்குத் தெரியாமலே எங்கள் வீட்டில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் டெர்ம் முடிந்து ப்ராக்ரஸ் ரிப்போர்ட் வாங்கப் போனபோது அவரிடமே இதைச் சொல்லிப் பெருமை பீற்றிக்கொண்டேன். ஒல்லியாக, கஞ்சி போட்ட காட்டன் சேலையில், விரலெல்லாம் சாக்பீஸ் பொடியோடு இருப்பார். முப்பது வயசு இருக்கும். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை வைத்து மேய்க்கிறவர். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். தன் ரகசியத்தையும் சொன்னார். அங்கே அவர் சுஜாவை மிரட்டுவது என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லியாம். டைரியில் எழுதி உங்கப்பாவுக்கு அனுப்பிடுவேன் என்றால் போதுமாம், கப்சிப்!

என் வீட்டுக்காரர் ஒரு கொசுவை அடிப்பதற்கே இரண்டு முறை யோசிக்கிறவர். ஸ்கூலில் அவர் புலி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பேரண்ட்ஸும் டீச்சரும் இப்படி ஒண்ணா நின்னாதான் மேடம் பிள்ளைங்க உருப்படும்" என்றார் ரோசலின் மிஸ்.

நூற்றுக்கு நூறு என்றேன். அதோடு நிறுத்தினேனா? பெரிய மனசு பண்ணி அந்தப் பிரசித்தி பெற்ற வசனத்தையும் சொன்னேன். "கண்ணை மட்டும் விட்டுடுங்க மிஸ். மத்தபடி தோலை உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

இதைச் சொல்லாத தாய் தகப்பன் அந்த நாளில் எந்த ஸ்கூல் வாசலிலாவது உண்டா? டீச்சரிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசுவது என்றால் இதுதான். கூட வந்த சுஜா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை.

பொங்கல் லீவு முடிந்தது. அதற்கப்புறம்தான் பேஜார் ஆரம்பம்.

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "சுஜா... சுஜா..." கிணற்றில் போட்ட கல் மாதிரி இருப்பாள். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். எனக்கு வருமே கோபம்! கத்தினால் கேட்கிற காது, மெதுவாகச் சொன்னால் கேட்காதா? இது வேறென்ன, திமிர்தானே?

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் என்ன தெரியுமா? மிஸ் மருந்து வேலை செய்யவில்லை. "மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்றால் அது பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன வயசில் இவ்வளவு துணிச்சலா என்று ஆடிப்போனேன்.

ஸ்கூலிலும் இதே கதை. டைரியில் தினம் ஒரு சிவப்பு மை. 'பாடம் கவனிப்பதில்லை.' 'சொன்ன பேச்சு கேட்பதில்லை.' 'பக்கத்துப் பெண்ணைக் கிள்ளினாள்.' 'பென்சிலைக் கடிக்கிறாள்.' ஒவ்வொன்றுக்கும் கீழே பெற்றோர் கையெழுத்து போட வேண்டும். என் வீட்டுக்காரர் போட்டார். அவர் முகம் வாடினதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

பென்சில் விஷயம் எனக்கும் தெரியும். வால் பக்கம் ரோஸ் கலர் ரப்பர் வைத்த பென்சில் ஒரு பாக்கெட் என் தம்பி வாங்கிக் கொடுத்திருந்தான். அதில் இரண்டில் ரப்பரைக் காணோம். தகர மூடியில் பல் தடம். "ரப்பரையா தின்னே, சனியனே?" என்று அதற்கும் ஒரு தனிப் பூசை வைத்தேன்.

காதைத் திருகினேன். ஒரு தடவை இல்லை. தினமும். "இது எதுக்கு இருக்கு? தோடு மாட்டவா?" என்று கேட்டுக் கேட்டுத் திருகினேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும். வாயைத் திறக்க மாட்டாள். வலிக்குது என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அங்கே ரோசலின் மிஸ்ஸும் திருகிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாசி மாசம் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இப்படியே போனால் இரண்டாம் வகுப்புக்கு ப்ரமோட் செய்ய முடியாது, முழுப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற பிள்ளைகளின் பேரண்ட்ஸ் புகார் சொல்கிறார்கள்.

ஆறு வயசுப் பெண்ணுக்கு டி.சி.! அடங்காத பிள்ளை என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற குழந்தையை அடுத்த ஸ்கூலில் யார் சேர்ப்பார்கள்? வீட்டுக்கு வந்து நான் அழுதேன். சுஜா எட்ட நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ரோசலின் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். தானாகவே. டீச்சர் ஒருவர் வீட்டுப் படி ஏறி வருவது அந்தத் தெருவுக்கே புதுசு. டி.சி. வரை போகாமல் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம் என்று சொல்லத்தான் வந்தாராம்.

சுஜா ஹாலில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். வாசலில் மிஸ்.

எழுந்து நின்றாள். அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்து, தரையில் ஈரம் பரவியது.

எத்தனை மாசமாக 'இதோ வருவாங்க, இதோ வருவாங்க' என்று நான் சொல்லியிருந்தேன்? மிஸ் நிஜமாகவே வந்துவிட்டார்.

நான் அவளைத் திட்ட வாயெடுத்தேன். மிஸ் என் கையைப் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "வேணாம் சுஜாம்மா" என்றார். அதுவரை எனக்கு அவர் வைத்த பேர் மேடம்.

பாவாடை மாற்றி உட்கார வைத்தேன். சுஜா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். மிஸ் வந்த விஷயத்தைப் பேசவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தாம்பரம் போகிற வண்டி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் பாத்திரமெல்லாம் அதிரும். மிஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சுஜாவின் முதுகு அசையவில்லை.

இங்கேயே பிறந்த பிள்ளை மிஸ், பழகிப்போச்சு என்றேன்.

மிஸ் காபி குடித்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அப்படியே தரையில் போட்டார். அது ணங்கென்று விழுந்து உருண்டது. நான் துள்ளிவிட்டேன். சுஜா திரும்பவில்லை.

"இவளுக்குக் காது கேக்குதா சுஜாம்மா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. என் பெண்ணைச் செவிடு என்கிறாளா இவள்? கத்தினால் நன்றாகவே கேட்கிறது, இதற்குப் பேர் கொழுப்பு என்று வெடித்தேன். மிஸ் சண்டைக்கு வரவில்லை. "எதுக்குப் பயப்படுவா?" என்று மட்டும் கேட்டார். பல்லி என்றேன். பல்லி என்ற பேச்சைக் கேட்டாலே வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

மிஸ் எழுந்துபோய் அவளுக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்தார். சாதாரணக் குரலில் சொன்னார். "சுஜா, உன் முதுகுல பல்லி."

என் பெண் ஒரு சொப்பை எடுத்து இன்னொரு சொப்புக்கு மேல் அடுக்கினாள்.

நான் அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் காது டாக்டரிடம் போனோம். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. மிஸ் தன் வீட்டுக்குப் போகாமல் கூடவே வந்தார். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய டாக்டரம்மா. சுஜாவை என் மடியில் உட்கார்த்தி, அவள் தலையை மிஸ் ஆடாமல் பிடித்துக்கொள்ள, வளைந்த கம்பி மாதிரி ஒன்றை விட்டு வலது காதிலிருந்து எதையோ எடுத்தார். வெள்ளைத் தட்டில் போட்டார்.

ரோஸ் கலர் ரப்பர்.

பிறகு இடது காது. அங்கே சுலபத்தில் வரவில்லை. உள்ளே தள்ளிப்போய் மாட்டியிருந்தது. எடுத்தபோது கூடவே சீழும் ரத்தமும் வந்தது. சுஜா வீரிட்டு அழுதாள். ஆறு வாரமாக வலியை விழுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதது.

தட்டில் இரண்டு ரப்பர். ரப்பர் இல்லாத பென்சிலை வீட்டில் பார்த்தவள் நான். பென்சிலைக் கடிப்பதை வகுப்பில் பார்த்தவர் மிஸ். கூப்பிட்டால் திரும்பாததை இரண்டு பேருமே பார்த்தோம். ஆளுக்குப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு மையில் எழுதியும் கையெழுத்துப் போட்டும் காலம் தள்ளியிருக்கிறோம்.

"ஏம்மா காதுல வெச்சே?" என்று டாக்டரம்மா கேட்டார். சுஜா என்னைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டாள். டாக்டரம்மா கெட்டிக்காரர். எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

பத்து நிமிஷம் கழித்து வந்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னார். பன்னிரண்டு வருஷமாகியும் ஒரு எழுத்து எனக்கு மறக்கவில்லை.

"அம்மா திட்டினா மிஸ் வருவாங்க. மிஸ் திட்டினா அப்பா வருவாரு. எனக்குக் கேக்கலைன்னா யாரும் வர மாட்டாங்க."

யோசித்துப் பாருங்கள். ஆறு வயசு! நாங்கள் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து கட்டிய கோட்டை. அதிலிருந்து தப்பிக்க அந்தச் சின்ன மூளை தனியாக உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. கையில் கிடைத்த பொருளை வைத்து, அளவு பார்த்து, இரண்டு பக்கமும் அடைத்திருக்கிறது. எனக்கு அழுகையும் மலைப்பும் சேர்ந்து வந்தது. அதை என்னவென்று சொல்ல? இன்றைக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வலது காதுக்குப் பயமில்லை. இடது காதில் உள்ளே நன்றாகப் புண்ணாகிவிட்டது. மருந்து போட்டுக்கொண்டு வாருங்கள், புண் ஆறின பிறகுதான் கேட்குமா கேட்காதா என்று சொல்ல முடியும்.

வெளியே மர பெஞ்சில் நானும் ரோசலின் மிஸ்ஸும் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர்தான் சொன்னார். "வீட்டுல அடிச்சா ஸ்கூலுக்கு ஓடலாம். ஸ்கூல்ல அடிச்சா வீட்டுக்கு ஓடலாம். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு கதவையும் சாத்திட்டோம் சுஜாம்மா."

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கு பர்மிஷன் போட்டுவிட்டு வகுப்புக்கு வரச் சொன்னார். எதற்கென்று சொல்லவில்லை. போனேன். காதில் பஞ்சோடு சுஜா மூன்றாவது பெஞ்சில். மிஸ் அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்தார். நேராக அவள் பெஞ்சுக்குப் போனார். சிமென்ட் தரையில் முட்டி போட்டார். கஞ்சி போட்ட சேலை தரையில் மடங்கியது. சுஜாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, வகுப்பு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சுஜா, மிஸ் உன் காதைத் திருகினது தப்பு. உனக்கு என்னன்னு கேக்காம திருகினேன். சாரிம்மா."

ஐம்பத்திரண்டு பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை. ஒன்றாம் வகுப்பில் அப்படி ஒரு அமைதி இருக்க முடியும் என்று நான் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பமாட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. நானும்தான். எனக்குத் தெரிந்து எந்த டீச்சரும் எந்த மாணவனிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எந்த அப்பாவும், எந்த அம்மாவும்கூடத்தான். அந்த ஒல்லி மனுஷிக்கு அவ்வளவு பெரிய நெஞ்சு எங்கிருந்து வந்தது?

எழுந்தவர் என்னைப் பார்த்தார். அடுத்து என் முறை என்று எனக்குப் புரிந்தது. வீட்டில் சொல்லிக்கொள்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்குப் போய் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். வாயால் சொல்லவில்லை.

ரோசலின் மிஸ் அதோடு விடவில்லை. ஹெச்.எம்.மிடம் மன்றாடி, அடுத்த சனிக்கிழமை பி செக்‌ஷன் பேரண்ட்ஸ் எல்லோரையும் கூப்பிட்டார். என் அனுமதியோடு நடந்ததைச் சொன்னார். இரண்டே இரண்டு வேண்டுகோள் வைத்தார். ஒரு மாசத்துக்கு என் பேரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டாதீர்கள். நானும் உங்கள் பேரைச் சொல்ல மாட்டேன். தினம் டைரியில் பிள்ளை வீட்டில் செய்த நல்ல காரியம் ஏதாவது ஒன்றை எழுதி அனுப்புங்கள். மறுநாள் வகுப்பில் படிப்பேன்.

ஒரே சலசலப்பு. பின் பெஞ்சிலிருந்து காக்கிச் சட்டையில் ஒருவர் எழுந்தார். கன்னியப்பன் என்று பேர், ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் பையன்தான் வகுப்பிலேயே பெரிய அடாவடி.

"இன்னா மிஸ் சொல்றீங்க? அடிக்காத, மெரட்டாத புள்ள அதுவா வளந்துகினு போயிடுமா? பயம் வோணாவா?"

கூட்டமே தலையாட்டியது. ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் நான்தான் முதலில் தலையாட்டியிருப்பேன்.

"ஒரே ஒரு மாசம் அண்ணா. சரிவரலன்னா நீங்க சொல்றபடி கேக்கறேன்" என்றார் மிஸ்.

முதல் வாரம் சிரிப்பாய்ச் சிரித்தது. எல்லா டைரியிலும் ஒரே வரி – 'நன்றாகச் சாப்பிட்டான்.' 'நன்றாகச் சாப்பிட்டாள்.' நம் ஆட்களுக்குப் பிள்ளைகளிடம் வேறென்ன நல்லது கண்ணில் படுகிறது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். என் பெண் செய்த தப்பு என்றால் நோட்டுப் புத்தகம் பத்தாது. நல்லது என்று ஒன்று... அன்றைக்குத்தான் அவளைக் கவனிக்கவே ஆரம்பித்தேன். தரையில் ஊர்கிற எறும்புக்கு வழி விட்டு நடக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை, கேட் பக்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கன்னியப்பன் ஓடி வந்தார். சுஜாவை விட வந்த நானும் அங்கே நின்றிருந்தேன்.

"மிஸ், நேத்து எம்புள்ள அவன் தங்கச்சிக்குச் சோறு ஊட்டி வுட்டான். நீங்களே எழுதிக்கங்க. எனக்கு எழுத வராது."

அடாவடிப் பையன் அப்பாவை அண்ணாந்து பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வையை எழுத எனக்கும் வராது.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். யாரும் சொல்லித் தரவில்லை. தினம் காலையில் பிரேயர் முடிந்ததும் மிஸ் மேஜை முன்னால் ஒரு க்யூ நிற்க ஆரம்பித்தது. தாங்களாகவே தப்பை ஒப்புக்கொள்கிற க்யூ! மிஸ், நான் பாலைக் கொட்டிட்டேன். மிஸ், நான் அவன் சிலேட்டுக் குச்சியை உடைச்சுட்டேன். மிஸ் கேட்டுக்கொள்வார். அம்மாவிடம் நீயே சொல்கிறாயா, நானும் கூட வரட்டுமா என்பார். நாட்டில் எந்தப் பெரிய மனுஷன் இப்படித் தானாக வந்து க்யூவில் நிற்கிறான்?

சுஜாவும் நிற்பாளாம். முறை வரும்போது நழுவிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாளாம். மிஸ் கூப்பிடவில்லை. என்னையும் எதுவும் கேட்காதீர்கள் என்றார். எனக்குத்தான் பொறுமை கிடையாதே... பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் நழுவவில்லை. மிஸ் சாயங்காலம் வந்து சொன்னார்.

"மிஸ், நான்தான் காதுல ரப்பர் வெச்சேன்" என்றிருக்கிறாள்.

ஊருக்கே தெரிந்த விஷயம். டாக்டர் எடுத்து, தட்டில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆனால் மிஸ் அப்போதுதான் முதல் தடவை கேட்பவர் மாதிரி கேட்டிருக்கிறார், வலிச்சுதா என்று. வலிச்சுது என்றிருக்கிறாள். யார்கிட்ட சொன்னே என்று கேட்டதற்கு, "இப்பதான் சொல்றேன்" என்றாளாம்.

அன்று சாயங்காலம் என்னிடமும் வந்தாள். அடுப்படியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து அதையே சொன்னாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் பேசவே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததாக ஞாபகம் இல்லை.

முழுப் பரீட்சை வந்தது. சுஜா இரண்டாம் வகுப்புக்குப் போனாள். டி.சி. என்ற பேச்சே எழவில்லை. ரோசலின் மிஸ் அதற்கப்புறம் ஏழு வருஷம் அந்த ஸ்கூலில் இருந்தார். சிவப்பு மைப் பேனாவை அவர் கையில் நான் மறுபடி பார்க்கவில்லை.

காதையும் டெஸ்ட் செய்தோம். டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, எங்கள் இருவரையும் தள்ளி நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வலது பக்கமிருந்து மிஸ் கூப்பிட்டார். உடனே சிரித்துக்கொண்டு கை தூக்கினாள். இடது பக்கமிருந்து நான் கூப்பிட்டேன். கை எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் உரக்க. மூன்றாவது தடவை கை எழுந்தது.

இன்றைக்கும் அந்தக் காது கொஞ்சம் மந்தம்தான். வகுப்பில் இடது ஓரத்து சீட்டாகப் பார்த்து உட்காருவாள், எல்லோரும் வலது பக்கம் இருக்கும்படி. இதற்காக அவள் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சின்ன வயசில் நானே ரப்பரை வைத்துக்கொண்டேன் என்று சிரித்துக்கொண்டே தோழிகளிடம் சொல்வாள்.

ஒரே அளவு ரப்பர், இரண்டு காதிலும். வலது பக்கம் வைத்த இடத்திலேயே இருந்தது, இடது பக்கம் மட்டும் ஏன் அவ்வளவு உள்ளே போனது என்று டாக்டரம்மா அன்றைக்கே கேட்டார். குழந்தை விரலால் அழுத்தியிருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

திருகுவதற்கு, எதிரே நிற்கிற பிள்ளையின் இடது காதுதான் நம் வலது கைக்கு வாகாக வரும். நானும் ரோசலின் மிஸ்ஸும், இரண்டு பேருமே வலது கைக்காரிகள்.